ஓய்மாநாட்டுப் பாடல்களில் இடப்புனைவும் மெய்ப்பாடும்

செய்யுளில் ஓரிடத்தைப் புனைந்துரைப்பது எற்றுக்கு என்னும் வினாவிற்கு இரு விடைகள் வழங்குகின்றன. கேட்போர்க்கு இன்பம் பயத்தற்பொருட்டு அமைந்த அணியே அஃது என்பர் ஒருசாரார். முன்னோர் சென்ற நெறியைப் பின்னோர் வழுவாது பின்பற்றிய மரபே அஃது என்பர் மற்றொரு சாரார். இவ்விரு விடையும் தேவாரத் திருப்பதிகங்களின்மேற் செலுத்தப்படும்போது ஓர் இடர்ப்பாடு விளைகின்றது. பாட்டின் ஒரு பகுதி இறைவன் திறத்தையும் மற்றொரு பகுதி அவன் உறையும் ஊரின் வளத்தையும் கூறுமிடத்து, பொருளுடையது முற்பகுதியே, சோலையும் வண்டும் வயலும் எவ்வூர்க்கும் ஒத்தலின் பிற்பகுதி யாப்பு நிரம்புதற்கு வந்த பொதுமொழியே என்று கொள்ளப்படுகின்றது. இக்கொள்கை உண்மையாயின் பதிகங்களிற் பெரும்பங்கு ஓதற்கும் உணர்தற்கும் வேண்டாதது என்றாகிவிடும். ஆகலின் இஃது ஆராயத் தக்கது. பல நாடுகளிலிருந்தும் உதாரணம் தொகுப்பதினும், ஒரு சிறு நிலப்பரப்பை எடுத்துக்கொண்டு அதன்மேல் எழுந்த பாடல்களை ஒப்புநோக்குதல் தெளிவு பயப்பதாம்.

அத்தகைய நிலப்பரப்பு ஒன்று பண்டை ஓய்மாநாடு. தென்னார்க்காட்டு மாவட்டத்தினின்று 1993-இல் பிரிக்கப்பட்ட விழுப்புரம் மாவட்டத்தின் வடகீழ்ப்பகுதி பெரும்பாலும் அதனுள் அடங்கும். திண்டிவனத்தினின்று கிழக்கே மரக்காணம் செல்லும் வழியில் பெருமுக்கல் என்னும் குன்று நிற்கின்றது. குன்றின்மேல் சிவபெருமான் திருக்கோயில் உளது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளும் உள. சீதைக் குகை என ஊரார் வழங்கும் குகையில், எழுத்தறியாக் காலத்து மாந்தர் பாறையிற் கீறிய உருவங்கள் காணப்படுகின்றன. 1760-இல் ஆங்கிலேயர் பிரெஞ்சியரிடமிருந்து இம்மலைக்கோட்டையைப் போரிட்டுக் கைப்பற்றினர். படைத்தலைவன் ஒருவனுக்கு இக்குன்று ஏறுதற்கரிய ஒரு செங்குத்து, வழிச்செல்வானுக்கு நிழல், அடியவனுக்குச் சிவன் உறையும் மலை. கல் ஒன்றே, காண்பான் நிலை வேறாதலின் காணப்படுவதும் வேறாயிற்று. இடப்புனைவின் இயல்பு முழுதும் இச்சிறு செய்தியில் அடங்கியுள்ளது. பெருமுக்கலுக்குத் தேவாரப் பதிகம் இன்று. ஆயினும் அதனைச் சூழவுள்ள ஊர்களைப் பற்றிச் சங்கப்பாட்டு ஒன்றும் திருப்பதிகங்கள் பலவும் உண்டு.

இவற்றை அளத்தற்குரிய அளவுகோலைத் தொல்காப்பியம் தந்துள்ளது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் முதலாயின கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல் முதலிய ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றும் ஒன்றினொன்று சிறந்தன என்பது அகத்திணையியலிற் கூறப்பட்டது. முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறக்கும் எனவே, நிலத்தைக் கூறுவது உரிப்பொருளைத் தோற்றுவித்தற்கே என்பது தானே போதரும். உரிப்பொருளுக்கு உதவாத நிலப்புனைவு, அளவில் எத்துணைப் பெரிதாயினும், பாட்டிற்கு உறுப்பாகாது. உள்ளத்து நிகழ்வது உடம்பிற் புலப்படுதலாகிய மெய்ப்பாடு எட்டனையும் ஆசிரியர் தனியோர் இயலாக வகுத்தமையும் இக்கருத்துப்பற்றியே என்க. இடத்தின் புனைவு கேட்போனிடத்து மெய்ப்பாடாக முடிதல் வேண்டும்.

முதலில் சிறுபாணாற்றுப்படையைக் காண்க. 269 அடிகளாலாய இப்பாட்டை இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார், ஓய்மாநாட்டு நல்லியக்கோடன்மீது பாடினார். அவ்வேந்தனுக்குரிய எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என்னும் நான்கு ஊர்களும் வழியிற் கூறப்படுகின்றன. கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாய் உளது. எயிற்பட்டினம் மரக்காணமே என்று ஆராய்வார் கொள்வர். இவ்விரண்டற்கும் இடைப்பட்டது பெருமுக்கல் நிற்கும் நிலம். பாட்டு அம்மலையைப் பெயர் கூறிற்றில்லையாயினும், அதன் நிழல் படும் நாட்டினூடே செல்கின்றது.

பாட்டின் தொடக்கத்தில் நிலம் ஒரு மடந்தையாகின்றாள். மலை அவளுக்கு உறுப்பு. மலையினின்று வீழ்ந்து தொலைவிலிருந்து வரும் காட்டாறு அவள் மார்பில் அசையும் முத்தாரம். ஆற்றங்கரைச் சோலையில் குயில்கள் கோதி உதிர்த்த பூக்களைச் சூடிக் கிடக்கும் நுண்ணிய கருமணல் அவள் விரித்த கூந்தல். இத்துணையும் படித்தவன் குளிர்ச்சியான ஓர் ஓவியத்தை எதிர்நோக்குவான். அடுத்த அடிகளிலோ அம்மணலே காய்ந்த வேலின் இரும்புபோற் சுடுகின்றது. பரற்கல் நடப்பவர் காலைக் கிழிக்கின்றது. வேனிற் காலைக் கதிரவன் வெம்மை ஏற்றுகின்றான். பாணர் கூட்டம் மராமரத்தின்கீழ்க் கோடுகோடாய் விழும் சிறு நிழலில் தங்குகின்றது. அழகும் வெம்மையும் ஒரே மணலின்மேல் வைக்கப்பட்டமை நோக்கத்தக்கது. கண்ணுக்குக் கூந்தலாயிருப்பது காலுக்கு நெருப்பாயிருக்கின்றது. வறியவனுக்கு உலகத்து அழகு எங்ஙனம் தோன்றும் என்பதை விளக்கவுரையின்றி இவ்வடிகள் உணர்த்தின.

பின்னர்ப் பாணன் வீட்டின் அடுக்களை கூறப்படுகின்றது. அண்மையில் ஈன்ற நாய், கண் திறவாத குட்டிகள் பாலற்ற முலையை இழுத்தலைப் பொறாது குரைக்கின்றது. கூரை தளர்ந்து சுவரைக் கறையான் அரிக்க, அப்புழுதியிற் காளான் பூத்திருக்கின்றது. பசியால் இடை மெலிந்தவள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, அறிவிலார் காண்பதற்கு நாணிக் கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்கின்றாள். பசி என்னும் சொல் வருமுன்னரே நாயின் குரைப்பிற் பசி செவியிற் படுகின்றது. அடுப்பு எரியும் இடத்திற் காளான் முளைத்தது என்னும் ஒன்றே, அடுப்பு எத்துணை நாள் எரியவில்லை என்பதை அறிவித்துவிடுகின்றது. கதவை அடைத்தலோ இளிவரல் என்னும் மெய்ப்பாட்டை முழுதும் தாங்கி நிற்கின்றது. பசித்தோம் என்று கூறுவது செய்தி. கதவை அடைத்தாள் என்று கூறுவது பாட்டு.

இவ்வடுக்களையை நினைவில் வைத்துக்கொண்டு வழிப்புனைவைப் படித்தல் வேண்டும். நெய்தனிலத்து எயிற்பட்டினத்தில் அலை கொணர்ந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள், படுத்துறங்கும் ஒட்டகங்களைப் போற் கிடக்கின்றன. அயல்நாட்டு விலங்கு ஒன்று உவமையாய் வந்தமையான் துறைமுகத்தின் பரப்பு ஒரு சொல்லில் விரிந்தது. அவ்விறகால் மூட்டிய தீயில் உலர்ந்த குழல்மீன் சுடப்படுகின்றது. முல்லை சார்ந்த வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும் கிடைக்கும். மருதத்து ஆமூரில் வெண்சோறும் நண்டின் கலவையும் கிடைக்கும். ஒவ்வொரு நிலத்தின் புனைவும் ஓர் உணவில் முடிதலை உரையாளர் பலர் விருந்தோம்பற் சிறப்பாக மட்டும் கொண்டனர். அஃது உண்மையே. எனினும், உப்பில்லாக் கீரையை உண்டவன் கண்ணே இவ்வழியைக் காண்கின்றது என்பதே அதன் உயிர். திணைகள் மூன்றும் பசி என்னும் ஒரு நூலிற் கோக்கப்பட்டன. இடப்புனைவிற்கு ஒழுங்கு தருவது காண்பவன் உள்ளநிலையே என்பது இதனாற் பெறப்படும்.

புனைவின் முறைவைப்பு இத்துணை இன்றியமையாததாயின், அதனைக் குலைத்து உரை காண்பது பொருந்துமா என்னும் வினா எழும். 1889-இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தபின் இவ்வினா வலுப்பெற்றது. நச்சினார்க்கினியர் மாட்டு என்னும் உறுப்பைத் துணையாகக்கொண்டு, அகன்று கிடக்கும் சொற்களை ஓரிடத்துக் கூட்டிப் பொருள் முடிப்பர். மறைமலையடிகள் 1903-இல் வெளியிட்ட முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் இம்முறையை மறுத்து, புலவன் வைத்த வரிசையிலேயே பொருள் கொள்ளல் வேண்டுமென வற்புறுத்தினார். உரையாசிரியரின் இலக்கணப் புலமையும், அருஞ்சொற்களுக்கு அவர் காட்டிய பொருளும் இன்றேல் பத்துப்பாட்டு இன்று விளங்குதல் அரிது. இடப்புனைவைப் பொறுத்தவரை அடிகள் கூற்றே வலியுடைத்து. மணல் முதலிற் கூந்தலாகிப் பின்னரே சுடுதல் வேண்டும். அவ்வரிசையை மாற்றின் செய்தி குறையாது, மெய்ப்பாடு குறையும்.

இனித் திருப்பதிகங்கட்கு வருவோம். திருஞானசம்பந்தர் இந்நிலப்பரப்பில் இரும்பைமாகாளம், அரசிலி, வக்கரை, ஆமாத்தூர் முதலிய தலங்களைப் பாடியுள்ளார். வடக்கே அச்சிறுபாக்கமும் அவர் பாடல் பெற்றது. இரும்பைமாகாளப் பதிகத்தின் முதற்பாட்டு, மேற்கூறிய ஐயத்திற்கு இலக்காகும் அமைப்பையே உடையது. முன்னிரண்டடிகளிற் கங்கையைச் சடையில் ஒளித்து, மதியைச் சூடி, மானை ஏந்திய கையால் முப்புரம் எரித்தவன் கூறப்படுகின்றான். பின்னிரண்டடிகளில் எண்டிசையும் புகழ் சென்ற இரும்பையும், வண்டுகள் இசை பாடும் பொழில் சூழ்ந்த மாகாளமும் கூறப்படுகின்றன. இப்பொழிலும் வண்டும் வேறு எவ்வூர்க்கும் பொருந்துமே எனின், பொருந்தும். பாட்டிலே அவை நிற்கும் இடம் யாது என்று நோக்குக. பெருவெள்ளத்தின் இரைச்சலும் மூன்று நகரங்கள் எரியும் ஆரவாரமும் செவியை நிறைத்தபின், வண்டின் மெல்லிய ஓசை வருகின்றது. அப்பேராற்றலுடையான் உறையும் இடம் இத்துணை அமைதியுடையது என்பது அவ்வோசையால் உணர்த்தப்படுகின்றது. அச்சம் உவகையாக மாறும் தறுவாய் அஃது. வண்டினை நீக்கிப் பாட்டை ஓதுவார்க்கு அழித்தவன் தெரிவான், அருள்பவன் தெரியான்.

இப்பதிகத்தின் பண் செவ்வழி. நெய்தனிலத்து யாழாக உரையாசிரியர் கூறுவதும் செவ்வழியே. கண்டீரக்கோப் பெருநள்ளியைப் பாடிய வன்பரணர், அவன் கொடையால் தம் சுற்றத்தார் மாலையில் மருதத்தையும் காலையிற் செவ்வழியையும் பண்ணி முறை மறந்தனர் என்று புறநானூற்றிற் கூறுதலின், செவ்வழி மாலைக்குரியது என்பதும் பெறப்படும். இரும்பை கடலுக்கு அண்மையது. இவற்றை ஒருங்கு வைத்து, நிலம்பற்றியே பண் அமைந்தது என்று துணிதல் மிகையாம். நெய்தல் அல்லாத தலங்களுக்கும் இப்பண்ணிற் பதிகம் உண்மையின் அத்துணிபு நில்லாது. பண்டைத் தமிழர் பண்ணையும் பொழுதையும் உள்ளநிலையையும் ஒன்றாகவே எண்ணினர் என்பதும், பதிகத்தை ஏட்டில் மட்டும் படிப்பார்க்கு இடப்புனைவின் ஒரு பாதி கேளாதொழியும் என்பதும் மட்டுமே ஈண்டுக் கொள்ளத்தக்கன.

அரசிலிப் பதிகம் வேறொரு நெறியிற் செல்கின்றது. இன்று ஒழிந்தியாப்பட்டு என வழங்கும் அவ்வூரின் சோலையும் வயலும் முதற்பாட்டிற் கூறப்படவில்லை. வண்டு மொய்க்கும் கொன்றை, பால்போன்ற மதி, பாயும் கங்கை, கோடல், கூவிளம், ஊமத்தம் ஆகியன எல்லாம் இறைவன் செஞ்சடையில் உள்ளன. தோளின்மேற் பாம்பு ஆடுகின்றது. கருப்பொருள்கள் நிலத்தைவிட்டு நிலமுடையான் திருமேனிக்கு ஏறிவிட்டன. கொன்றை அகப்பாட்டிற் கார்காலத்தை அறிவிக்கும் மலர். தலைவன் குறித்த பருவம் வந்ததென்று தலைவி அதனைக் கண்டே கலங்குவாள். அம்மலர் ஈண்டுப் பருவம் கழிந்து உதிர்தல் இன்றி அவன் முடியிலே நிற்கின்றது. அதன் அருகே உலர்ந்த வெண்டலை மாலையும் தொங்குகின்றது. வண்டு நாடும் புதுமலரும் உயிர் நீங்கிய தலையோடும் ஒரே பார்வையிற் படுதலின் உவகையும் அச்சமும் தனித்து நில்லாது மருட்கையாய் முடிகின்றன. இத்துணைக் காட்சிக்கும் பின்னர் இறுதியிற் சிறிய ஊர்ப்பெயர் ஒன்று வருகின்றது. அளவிறந்தவன் இங்கே, இவ்வூரிலே இருக்கின்றான் என்னும் எளிமை அப்பெயரின் தனிமையால் விளைந்தது. அவ்விடத்து ஊரையும் புனைந்திருப்பின் அவ்வெளிமை கெட்டிருக்கும். புனையாமையும் புனைவின் ஒரு வகை என்க.

மதியும் பாம்பும் குறித்து ஒன்று கருதத்தக்கது. சிறுபாணாற்றுப்படையின் மருதப்பகுதியில், தாமரைமலரிற் படிந்த நீலவண்டு மதியைச் சேர்ந்த அரவுபோலத் தோன்றுவதாக ஓர் உவமை உண்டு. உலகம் அஞ்சும் கோள் அங்குக் குளத்தில் அழகாயிற்று. தேவாரத்தில் மதியும் பாம்பும் பகை நீங்கி ஒரு சடையில் ஒருங்கு உறைதல் பலகாலும் பாடப்படுகின்றது. முன்னதிற் கண் இன்புறுகின்றது, பின்னதில் உயிர் அடைக்கலம் பெறுகின்றது. ஒரே உவமைப்பொருள் இரு நூல்களில் இரு பயன் தந்தது, அவ்வப் பாட்டின் உரிப்பொருள் வேறாதலினால்.

அச்சிறுபாக்கப் பதிகத்தின் முதற்பாட்டில் இறைவன் திருவடிவே நிலமாக விரிகின்றது. பொன் திரண்டாற் போன்ற சடை புரள, பவளமும் தீயும் ஒத்த மேனி விளங்க, தோள்கள் இரண்டு குன்றுகளாக நிற்கின்றன. மின்னற்கொடி ஒத்த இடையினாள் ஒரு பாகத்தாள். குன்றுகளும் கற்பாறைகளும் நிரம்பிய அந்நாட்டவர்க்குத் தோளைக் குன்றென்றல் வெற்றுயர்வு நவிற்சியன்று, நாடோறும் கண்டதனைக்கொண்டு காணாததனை உணர்த்துதலாம். ஆமாத்தூரில் திருநாவுக்கரசர் பாடிய திருத்தாண்டகமோ நிலப்புனைவையே வேண்டவில்லை. பாடிக்கொண்டு வந்து நின்று, வளையைக் கவர்ந்து, விடையேறிச் செல்பவனைக் கண்ட பெண்ணொருத்தி, அவர் போகின்றார், வந்து காணுங்கள் என்று அழைக்கின்றாள். அக்குரலிலே தெருவும் கூட்டமும் கடந்துசெல்லும் கணமும் தோன்றிவிடுகின்றன. காணும் இடம் அவள் தவிப்பால் அமைந்தது.

இவற்றால் பெறப்படும் முடிபு ஒன்று. பதிகத்தின் இடப்புனைவு பொதுமையுடையதாதலே குற்றமாகாது. சொற்கள் பொதுவாயிருப்பினும் அவை நிற்கும் இடமும் வரிசையும் பொதுவல்ல. தாய் எல்லாக் குழந்தைகளையும் ஒரே சொல்லால் அழைக்கின்றாள் என்பதுபற்றி அச்சொல் வெறுஞ்சொல்லாவதில்லை. வெற்றுப்புனைவு எங்கு உண்டெனின், பிற்காலத்துத் தலபுராணங்கள் பலவற்றின் நாட்டுப்படலத்திலும் நகரப்படலத்திலும் உண்டு. வாளை துள்ளித் தெங்கின் குலையைச் சிதைத்தலும், மாடங்கள் மதியைத் தடுத்தலும் அங்கு ஊர்ப்பெயரை மாற்றினும் மாறாமல் நிற்கும். கூறுபவன் நிலை ஆண்டு இன்மையின் கேட்பவன் நிலையும் மாறுவதில்லை. மரபு ஒன்றாயினும், உரிப்பொருளோடு இயைந்தபோது உயிரும், இயையாதபோது சுமையும் ஆகின்றது.

இடப்புனைவு உள்ளத்தை மாற்றுதல் எங்ஙனம் கூடும் என்பதற்குச் சித்தாந்தத்தில் விடை உண்டு. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுமாறுபோல, உயிர் எதனைச் சார்கின்றதோ அதன் இயல்பாய் நிற்கும். நிலமும் பொழுதும் மெய்ப்பாட்டைத் தோற்றுவித்தற்கு உளநூல் இதனினும் ஆழ்ந்த காரணம் காட்டுதல் அரிது. மேலும், தனு கரண புவன போகங்கள் மாயையினின்று தோன்றினவாயினும் பொய்யல்ல, உயிர்கள் ஆணவ இருளினின்று நீங்குதற்பொருட்டு இறைவன் கூட்டியவை என்பது சைவசித்தாந்தத் துணிபு. உலகம் பொய்த்தோற்றமாயின் அதனைப் புனைதல் பொய்யைப் புனைதலாய்விடும். உள்பொருளாகலின் பொழிலும் வண்டும் பதிகத்துள் இடம்பெறும் உரிமையுடையன. அவை சடமே, பதியல்ல. எனினும் பதியைச் சார்ந்து நிற்குமாறு பாடப்பட்டமையின், அவற்றைச் சார்ந்த உயிரையும் பதிபாற் செலுத்துகின்றன. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம், மலம் கழுவப்பெற்றவரும் அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே கண்டு வழிபடுக என்று முடிதல் ஈண்டு நினையத்தக்கது. முடிந்த நிலையிலும் இடம் கைவிடப்படவில்லை. நூலின் இறுதி ஓரிடத்தின் முன்னர்க் கைகூப்பி நிற்கின்றது.

இக்கருத்தைச் சங்கப்பாட்டின்மேல் வலிந்து ஏற்றுதல் தகாது. நத்தத்தனார் பாணன் பசியைப் பாடினார், பாசத்தை அன்று. ஆயினும் பசியுடையான் உலகத்தை உணவின் வழியாகக் காணும் இயல்பும், அன்புடையார் உலகத்தை இறைவன் வழியாகக் காணும் இயல்பும் ஒரே உண்மையின் இரு நிலைகள் என்பதில் இழுக்கில்லை.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. திண்டிவனம், வானூர் வட்டங்களிற் கற்குன்றுகள் இன்று உடைக்கப்பட்டுச் சாலைக்கும் கட்டடத்திற்கும் செல்கின்றன. இடப்புனைவு வெறும் அணியாயின், குன்று போனபின்னும் பாட்டு முழுமையாகவே இருக்கும், இழப்பு யாதுமில்லை. தோளைக் குன்றென்று கேட்ட சிறுவன் குன்றையே கண்டறியானாயின் அவ்வுவமை அவன் செவியில் ஓசையாய் மட்டும் எஞ்சும். உரை எழுதி அதனை விளக்கலாம், மெய்ப்பாட்டை உரையாற் பிறப்பித்தல் இயலாது. ஆகலின் ஓதுவார் பிற்பகுதி அடிகளை விரைந்து கடவாது முற்பகுதிக்கு ஒப்ப நிறுத்தி ஓதுக. கற்பிப்பார் ஊரின் பொழிலையும் நீரையும் மலையையும் சுட்டிக்காட்டிக் கற்பிக்க. தலவரலாறு எழுதுவார் பழைய படலங்களைத் திருப்பி எழுதாது, அவ்விடத்து உள்ளவற்றைக் கண்டு எழுதுக. பதிகம் பெறாத பெருமுக்கலும், மேலே கோயிலும் குகையிற் பழங்கீறலுமாக, காண்பார் கண்ணை எதிர்நோக்கி நிற்கின்றது.